கந்தக ஊசிகளும் ஒரு பழைய பழியும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. கண்புரை அறுவை முடிந்து, கொஞ்ச நாள் எதையும் உற்றுப் பார்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது தேவலை. வெள்ளை இவ்வளவு வெள்ளையா என்று வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மூலக்கூறு மாறவே இல்லை, ஆனாலும் மருந்து பயன்படாமல் போயிற்று என்கிறார்களே, அது எப்படி என்று கேட்டிருந்தாய். நீ படித்தது ரிட்டோனாவிர் கதையாகத்தான் இருக்கும். எச்.ஐ.வி. மருந்து, 1996-ல் விற்பனைக்கு வந்தது. அதன் கேப்ஸ்யூலில் மருந்து கரைசலாக இருந்தது. 1998-ல் அதுவரை யாரும் பார்த்திராத இன்னொரு படிக வடிவம் தலைகாட்டியது. மூலக்கூறு அதேதான், படிகத்துக்குள் அவை அடுக்கப்பட்ட விதம் மட்டும் வேறு. பழையதைவிட நிலையானது, ஆகவே கரைவதும் குறைவு. கேப்ஸ்யூலுக்குள்ளேயே படிகமாக இறங்கிவிட்டது. அதைச் சந்தையிலிருந்து எடுத்து, மருந்தை வேறு விதமாகத் தயாரிக்க வேண்டியதாயிற்று. புது வடிவம் புகுந்த இடத்தில் பழைய வடிவத்தைத் தயாரிப்பதே பெரும்பாடாகிவிட்டதாம்.

ஆனால் அது கரைசலில் நடந்தது. எனக்கு ஆச்சரியம் தருவது திடப்பொருளுக்குள்ளேயே நடக்கும் மாற்றம்தான். பொழுது போகாமல் பள்ளிக்கூடத்துப் பரிசோதனை ஒன்றைத் திரும்பச் செய்தேன். கந்தகத்தை உருக்கி, மேலே ஏடு கட்டியதும் அதில் ஓட்டை போட்டு, உள்ளே மிச்சமிருந்த திரவத்தை வடித்துவிட்டேன். ஏட்டைப் பெயர்த்தால் உள்ளே நீள நீளமாக, கண்ணாடி போன்ற ஊசிகள். ஒற்றைச்சரிவு கந்தகம் என்று இந்தப் படிக வடிவத்துக்குப் பெயர். ஏறத்தாழ 95 டிகிரிக்கு மேலேதான் அது நிலையானது. கீழே வந்தால் சாய்சதுரக் கந்தகம் என்ற இன்னொரு படிக வடிவத்துக்கு மாறியாக வேண்டும். இரண்டிலும் இருப்பது எட்டு அணு கொண்ட அதே கிரீட வளையம்.

மாறியாக வேண்டும், சரி. எப்போது? அதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரே கிண்ணத்து ஊசிகள், ஒரே வெப்பம். ஒன்று மறுநாளே ஒரு முனையிலிருந்து வெளிற ஆரம்பித்தது, பக்கத்து ஊசி அசையவே இல்லை. குண்டூசியால் ஒன்றைக் கீறி வைத்தேன். கீறிய இடத்திலிருந்துதான் வெளிறல் பரவியது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஊசியின் வடிவம் அப்படியே நிற்கிறது, உள்ளே மட்டும் பொடிப்பொடியான புதுப் படிகங்கள். புது அடுக்கு அடர்த்தி கூடியது, சுருங்கும்போது விரிசல் விடுகிறது. ஒளி சிதறிப்போய்த் தெளிவு போகிறது.

எல்லா மூலக்கூறுகளும் சேர்ந்தாற்போல் ஒரு அடி நகர்ந்து அணி மாறுவதாகத்தான் நான் ரொம்ப காலம் நினைத்திருந்தேன். பெரும்பாலும் அப்படி இல்லை. எங்கோ ஒரு குறையில், ஒரு வெடிப்பில், புது வடிவம் கருக்கொள்கிறது. பிறகு எல்லைக்கோடு மெல்ல நகர, மூலக்கூறுகள் பழைய அடுக்கிலிருந்து கழன்று புதியதில் ஒட்டிக்கொள்கின்றன. எந்த வடிவம் நிலையானது என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். எந்த ஊசி எந்த நாளில் மாறும் என்பதற்குக் கணக்கு கிடையாது. சேர்ந்து நகரும் ரகமும் இருக்கத்தான் செய்கிறது. டெட்ராப்ரோமோபென்சீன் என்ற கரிமச் சேர்மத்தின் படிகத்தைச் சூடாக்கினால் 45 டிகிரியை ஒட்டித் தட்டிலிருந்து துள்ளி விழும்! அது வேறு ஜாதி.

1832-ல் வோலர், லீபிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர்கள் இருவரும் பென்சமைடு என்ற கரிமச் சேர்மத்தில் பார்த்ததும் என் கந்தக ஊசிகளுக்கு உறவுக்காரக் காட்சிதான். சூடான கரைசல் ஆறியதும் பட்டு போன்ற ஊசிகளால் நிறைந்ததாம். சில மணி நேரத்திலோ மறுநாளோ ஊசிகளுக்கு நடுவே குழிகள் விழுந்தன. ஒவ்வொரு குழியின் நடுவிலும் ஒரு கெட்டிப் படிகம், சுற்றியிருந்த ஊசிகளைத் தின்று வளர்ந்தது. அவர்களும் நம்மைப் போல ஆயுள் முழுக்கக் கடிதம் எழுதிக்கொண்ட நண்பர்கள்.

இதையெல்லாம் பார்த்தபோது ஒன்று நினைவுக்கு வந்து உறுத்தியது. நாம் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பாட்டிலில் இருந்த பொருளின் உருகுநிலை மூன்று மாதம் கழித்து ஒன்பது டிகிரி ஏறியிருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? லேபிளை மாற்றி ஒட்டிவிட்டாய் என்று அந்தப் பையனை எல்லார் முன்னாலும் திட்டினேன். நீகூட, விடுப்பா, பாட்டில் தானாக மாறியிருக்கும் என்று கிண்டல் செய்தாய். நீ கிண்டலாகச் சொன்னதுதான் உண்மை, உள்ளே படிகம் வடிவம் மாறியதால்தான் உருகுநிலையும் மாறியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று உனக்குத் தெரிந்தால் எழுது.

கிண்ணத்தில் மூன்று ஊசிகள் இன்னும் தெளிவாக இருக்கின்றன. அடுத்த மாதம் வருவதாக எழுதியிருக்கிறாய், அதுவரை தாங்குமா தெரியாது. யாரும் தொடாமல் இருக்க அலமாரி மேல் தட்டில் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய லேப் கூட்டாளி