திறக்காத பெட்டிக்குள் தண்ணீர் கண்ட சர்வீஸ் சென்டர்

அனுப்புநர்:
பில்லில் உள்ள பெயர், முகவரி,
பெட்ஃபோர்ட், குன்னூர் – 643101,
நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: வாரண்டியில் இருந்த கேம் கன்சோலைத் திறந்து பார்க்காமலே ‘உள்ளே தண்ணீர் புகுந்துள்ளது’ என்று எழுதிக் கொடுத்தது குறித்து.

ஐயா / அம்மா,

வணக்கம். கன்சோல் வாங்கிய பத்தாவது மாதம் டிஸ்க் டிரைவ் மக்கர் செய்ய ஆரம்பித்தது. டிஸ்க்கை உள்ளே இழுக்கும், கொஞ்ச நேரம் சுற்றும், பிறகு படிக்க முடியவில்லை என்று திரையில் காட்டும். டவுன்லோட் செய்த கேம்கள் நன்றாக ஓடின. பழைய சினிமா டிவிடி ஒன்றைப் போட்டேன், அதுவும் ஓடியது. கேம் டிஸ்க் மட்டும்தான் தகராறு.

இது சின்ன விஷயம் இல்லை. டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். கேம் டிஸ்க் ப்ளூ-ரே வகை. அதற்கு 405 நானோமீட்டர் நீல ஊதா லேசர். டிவிடியின் தடங்களுக்கு இடையே 0.74 மைக்ரான் இருக்கும், ப்ளூ-ரேயில் 0.32 தான். லென்ஸில் லேசாகப் படலம் விழுந்தாலும் முதலில் தடுமாறுவது நீல லேசர். ஆக மோட்டார் சரி, போர்டு சரி, கோளாறு லென்ஸ் பக்கம் என்று வீட்டிலிருந்தே ஓரளவு சொல்லிவிடலாம். நவம்பர் 9 அன்று கோயம்புத்தூரில் உள்ள உங்கள் சர்வீஸ் சென்டரில் இதை ஜாப் ஷீட்டில் எழுதச் சொன்னேன். கவுண்டரில் இருந்தவர் ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதிக்கொண்டார்.

நவம்பர் 18 அன்று திரும்ப வாங்கப் போனேன். பர்லியார் பக்கம் மண் சரிந்திருந்ததால் கோத்தகிரி சுற்றிப் போக வேண்டியிருந்தது, அரை நாள் போயிற்று. கையில் கிடைத்த ரிப்போர்ட்டில் இருந்தது இதுதான்: “பிரித்துப் பார்த்ததில் உள்ளே தண்ணீர் புகுந்தது தெரிகிறது. வாரண்டி பொருந்தாது. டிரைவும் போர்டும் மாற்ற 14,200 ரூபாய்.” பார்த்ததற்கு 500 ரூபாய், அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 590 ரூபாய் கட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திருப்பினால், பின்பக்க ஸ்க்ரூ மேல் ஒட்டியிருக்கும் உங்கள் வாரண்டி ஸ்டிக்கர் ஓரம்கூட நலுங்காமல் இருக்கிறது. அந்த ஸ்க்ரூவைக் கழற்றாமல் மேல்மூடி வராது. நவம்பர் 24 அன்று நானே கிழித்தேன். கிழிப்பதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். நான் திறந்ததால் வாரண்டி போயிற்று என்று நீங்கள் சொல்லக்கூடும். நீங்கள் வாரண்டியை மறுத்து ஆறு நாள் கழித்துத்தான் திறந்தேன் என்பதைத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் தேயிலைத் தொழிற்சாலை மெக்கானிக். காய்ந்த தூளில் ஈரம் 3 சதவீதத்தைத் தாண்டினாலே எங்களிடம் சத்தம் போடுவார்கள், அதனால் ஈரத்தோடு எனக்கு நல்ல பழக்கம். தண்ணீர் பட்ட போர்டில் பின்களின் ஓரம் பச்சைக் களிம்பு பூத்திருக்கும், ஸ்க்ரூ தலை துருவேறும். இதில் அப்படி ஒன்றும் இல்லை. நடுவில் குச்சி நிற்கும் நட்சத்திர ஸ்க்ரூக்களை எடுத்து, ரிப்பன் கேபிளின் கருப்புத் தாழ்ப்பாளை நகத்தால் தூக்கிவிட்டு டிரைவை வெளியே எடுத்தேன். லென்ஸின் மேல் மூச்சு பட்ட மூக்குக்கண்ணாடி போல ஒரு மங்கல், அவ்வளவுதான். காது குடையும் காட்டன் பட்ஸில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, அழுத்தாமல் இரண்டு தடவை துடைத்தேன். அன்று மாலையே கேம் ஓடியது.

ஒன்பது நாள்தான் ஓடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். லேசரே பலவீனமாகிவிட்டது போல. மார்க்கெட்டில் செல்போன் ரிப்பேர் பார்க்கும் தம்பி ஒரு லேசர் யூனிட்டை 1,150 ரூபாய்க்கு வரவழைத்துக் கொடுத்தார். “அண்ணா, டிரைவோட போர்டை மாத்திராதீங்க, மதர்போர்டு ஏத்துக்காது” என்று அவர்தான் எச்சரித்தார். டிரைவின் போர்டை மதர்போர்டோடு நீங்கள் ஜோடி கட்டி வைத்திருக்கிறீர்கள். அதனால் பழைய போர்டை அப்படியே விட்டு லேசரை மட்டும் மாற்றினேன். புது யூனிட்டில் ஸ்டாடிக் மின்சாரம் தாக்காமல் இருக்க ஒரு சொட்டு ஈயம் வைத்திருப்பார்கள். அதை எடுக்க மறந்ததில் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீணானது. எடுத்த பிறகு இன்றுவரை ஓடுகிறது. 14,200 எங்கே, 1,150 எங்கே?

குன்னூரில் ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வரும்தான். குளிர்ந்து கிடக்கும் பெட்டியைச் சுற்றி ஹீட்டர் போட்டால் லென்ஸில் ஆவி படியும். படிந்தால் காயும்வரை போடாமல் வைக்கவும் என்று உங்கள் கையேடே சொல்கிறது. அது தானாகக் காய்கிற பனி, உள்ளே கொட்டிய தண்ணீர் இல்லை. ரிப்போர்ட் எழுதியவர் என் முகவரியில் ‘நீலகிரி’ என்று பார்த்ததுமே முடிவு கட்டிவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எனக்கு வேண்டியது: ‘தண்ணீர் புகுந்தது’ என்ற ரிப்போர்ட்டை எழுத்து மூலம் திரும்பப் பெற வேண்டும். 590 ரூபாயும் லேசருக்குக் கொடுத்த 1,150 ரூபாயும், மொத்தம் 1,740 ரூபாய் திரும்ப வர வேண்டும். மீதி இருந்த வாரண்டியை நீங்கள் மறுத்த நாளிலிருந்து கணக்கிட்டுத் தர வேண்டும். பில், ஜாப் ஷீட், ரிப்போர்ட், ஸ்டிக்கர் படங்கள் எல்லாவற்றின் நகலையும் இணைத்திருக்கிறேன். பழைய லேசரையும் பத்திரமாக வைத்திருக்கிறேன், ஆள் அனுப்பினால் காட்டுகிறேன்.

15 நாளில் பதில் வராவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உதகமண்டலத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு போடுவேன். 5 லட்சம் ரூபாய் வரை அங்கே கட்டணம் கிடையாது, குன்னூரிலிருந்து பஸ்ஸும் நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்