யார் கேட்டார்கள் என்பதையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எண்ணூர் வட்டாரத்தைப் பற்றி ஏதாவது ஆய்வு வந்தால் உங்கள் நாளிதழில் நல்ல இடம் கொடுக்கிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் ஒவ்வொரு செய்தியிலும் "ஆய்வில் பங்கேற்ற மக்கள் கூறினர்" என்று ஒரு வரி வருகிறதே, அதுதான் எனக்கு நெருடுகிறது. அந்த மக்கள் யார், எந்த நேரத்தில், யாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, யாரிடம் கூறினார்கள் என்பது வருவதே இல்லை. நேர்காணல் எடுக்க வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வீடு காட்டுகிறவள் நான். எர்ணாவூரில் மகளிர் சுய உதவிக் குழு ஊக்குநர். தபாலில் எம்.ஏ. சமூகவியலும் முடித்திருக்கிறேன். (தபால்ல படிச்சதெல்லாம் ஒரு படிப்பா என்று என் மகன் கேட்பது தனிக் கதை.)

முதலில் நேர்காணலுக்கு ஆதரவாகப் பேசிவிடுகிறேன். பத்துப் பேரிடம் பேசிவிட்டு ஒரு ஊரைப் பற்றி எழுதலாமா என்று புள்ளிவிவரக்காரர்கள் கேட்கிறார்கள். எதைப் பற்றி எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தது அது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு வாக்கில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து பெரியகுப்பம், சின்னக்குப்பம் சனங்கள் வீட்டைப் போட்டுவிட்டு ஓடினார்கள். "மூச்சுத் திணறல் இருந்ததா? ஆம் / இல்லை." படிவத்தால் கேட்க முடிந்தது இவ்வளவுதான். எந்தப் பக்கம் ஓடுவது என்று யார் சொன்னது, படுக்கையில் கிடந்த மாமியாரை யார் தூக்கியது, விடிந்த பிறகு யார் பேச்சை நம்பித் திரும்பி வந்தார்கள் என்பதெல்லாம் உட்கார்ந்து பேசவிட்டால்தான் வரும். அடுத்த கசிவின்போது உயிரைக் காப்பாற்றப் போவதும் அந்த விவரம்தான்.

பேசவிடுவது என்பதும் இன்று நேற்றுக் கண்டுபிடித்தது அல்ல. சிகாகோ பக்கம் ஹாதார்ன் தொழிற்சாலையில் 1928-இல் தொடங்கி இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களை நேர்காணல் செய்தார்கள். ஆரம்பத்தில் கையில் கேள்விப் பட்டியல் இருந்தது. தொழிலாளர்களோ பட்டியலை விட்டு விலகித் தங்கள் மனசில் இருந்ததையே பேசிக்கொண்டு போனார்கள். கடைசியில் பட்டியலை மூட்டை கட்டிவிட்டு, அவர்கள் போக்கில் பேசவிடுவதே முறை ஆயிற்று. இங்கே வருகிற பிள்ளைகள் இன்னும் "அக்கா, நாம டாபிக்குக்கு வருவோமா" என்றுதான் கேட்கிறார்கள்.

கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்த சமயம் எடுத்த நேர்காணல் ஒன்றைச் சொல்கிறேன். வந்த பெண் பொறுமைசாலி. போனை டிவி ஸ்டாண்டில் சாய்த்துவைத்துப் பதிவு செய்தாள். கேள்வி மீன் விற்கிற அம்மாவுக்கு, பதிலில் முக்கால்வாசி அவர் வீட்டுக்காரரிடமிருந்து. வலை போச்சு, படகில் எண்ணெய் அப்பிக்கொண்டது, கொடுத்த பணம் போதாது. எல்லாம் உண்மை, எல்லாம் பேப்பரில் வந்ததும்தான். நன்றி சொல்லிப் போனை அணைத்தாள். வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அந்த அம்மா டீத்தூள் போட்டுக்கொண்டே ஆரம்பித்தார்: "எண்ணூர் மீனுன்னா எவளும் தொட மாட்டேன்றா. அதான் காசிமேட்டு மீனுன்னு சொல்லி வித்துகினு இருக்கேன். நேத்து மெய்யாலுமே காசிமேடு போய் எடுத்தாந்தேன், அதுக்கு ஒருத்தி சத்தியம் பண்ணச் சொல்றா!"

பதிவில் இல்லாததை எழுதலாமா என்று அந்தப் பெண் என்னைக் கேட்டாள். அவங்களையே கேள் என்றேன். "எழுதிக்கோ, பேரு மட்டும் போடாத" என்றார். எண்ணெய்க் கசிவு ஒரு சந்தையை எப்படிச் சாய்த்தது என்று நான் கேட்ட பேச்சுகளில் இதுபோல் இன்னொன்று இல்லை. வீட்டுக்காரர் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் அதுவும் இல்லை.

இனி நிவாரணம். அந்தக் கசிவுக்குப் பிறகு மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகைச் சரிசெய்ய 10,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. அன்றிலிருந்து நோட்டும் பேனாவுமாக யார் தெருவில் நுழைந்தாலும் கணக்கெடுக்க வந்தவர்தான். "நாங்க காலேஜ், ஆன்ட்டி" என்று அடையாள அட்டையைக் காட்டினாலும் எடுபடாது. பட்டியலில் பெயர் உள்ளவர், எதையாவது உளறிப் பெயர் போய்விடுமோ என்று பம்முவார். பெயர் விட்டுப்போனவர் நஷ்டத்தை ஒன்றுக்கு இரண்டாகச் சொல்வார். இரண்டு பேரையும் பொய்யர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. தங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பது ரெவின்யூ ஆபீஸ் என்று நினைத்து அதற்குத் தக்கபடி பேசுகிறார்கள்.

அமெரிக்காவில் 1936 முதல் 1938 வரை, அடிமைகளாக இருந்து விடுதலையான முதியவர்களின் 2,300-க்கும் மேற்பட்ட வாக்குமூலங்களை அரசுத் திட்டம் ஒன்றின் கீழ் திரட்டினார்கள். சார்ல்ஸ்டன் நகரில் நூறு வயதைக் கடந்த ஒரு மூதாட்டியை 1937-இல் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்திருக்கிறார்கள். வெள்ளைக்காரப் பெண் கேட்டபோது, எஜமான் நல்ல மனுஷன் என்றார் பாட்டி. வந்தவளை உதவித்தொகை அலுவலகத்து ஆள் என்று நினைத்திருந்தாராம்! கறுப்பின ஆண் ஒருவர் கேட்டபோது, உறவுகளைப் பிரித்து விற்றதையும் இரவு பகலாகக் கேட்ட அலறலையும் சொன்னார். இரண்டு பதிவும் இன்றைக்கும் இருக்கின்றன. முதல் பதிவு மட்டும் கையில் இருந்தால் என்ன எழுதியிருப்போம்?

ஆள் பிடிப்பதையும் சொல்ல வேண்டும். "அக்கா, பத்துப் பேரைக் காட்டுங்க" என்றால் நான் யாரைக் காட்டுவேன்? பகலில் வீட்டில் இருப்பவரை, எனக்குக் கதவு திறப்பவரை. நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிற காண்டிராக்ட் தொழிலாளி அதில் வர மாட்டார். மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வாடகைக்கு இருக்கிற வடநாட்டுப் பையன்களும் வர மாட்டார்கள். அவர்களிடம் இந்தியில் கேட்க ஆள் வந்ததும் இல்லை. ஒருவர் இன்னொருவரைக் கைகாட்ட, கடைசியில் ஆய்வுக்கு ஆய்வு அதே முகங்கள்தான். ஒரு பெரியவருக்கு எங்கே பெருமூச்சு விட வேண்டும் என்பது வரைக்கும் மனப்பாடம்.

தேதிக்கும் கிழமைக்கும் நேர்காணலை நம்பவே கூடாது. மிக்ஜாம் வெள்ளம், எண்ணெய், அமோனியா மூன்றும் அந்த ஒரே டிசம்பரில் வந்தவை. இப்போது கேட்டால் மூன்றையும் ஒரே ராத்திரியாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு ஆஸ்பத்திரிச் சீட்டைப் பாருங்கள், உங்கள் பழைய பேப்பரைப் பாருங்கள்.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஆய்வுச் செய்தி போடும்போது எத்தனை பேரிடம், எந்தக் குப்பத்தில், தனியாகவா கூட்டமாகவா, யார் கேட்டார்கள் என்று இரண்டு வரி சேருங்கள். விவரம் இல்லை என்றால் அனுப்பியவரிடம் கேட்டு வாங்குங்கள். கல்லூரிகளுக்கு ஒன்று: ஒரே முறை வந்து பதிவு செய்துகொண்டு ஓடாதீர்கள், அதே ஆளை இன்னொரு தடவை பாருங்கள். எழுதி முடித்ததைத் தமிழில் எங்களுக்கும் ஒரு பிரதி கொடுங்கள். இதுவரை எங்கள் குழு அலமாரிக்கு ஒன்றுகூட வரவில்லை. காலையில் வராதீர்கள், மீன் விற்கும் பெண்கள் வியாபாரம் முடிந்து வீடு திரும்ப மதியம் ஆகிவிடும். மூன்று மணிக்கு மேல் என்றால் நானே கூட்டிப்போகிறேன்.

இப்படிக்கு,
மகளிர் குழு ஊக்குநர்,
எர்ணாவூர், சென்னை-57