மைனஸ் 12-ல ஒரு மார்கழி

அடியே மல்லிகா,

வாய்ஸ் மெசேஜ்லயே சொல்லிடலாம்னுதான் நெனச்சேன், ஆனா "நீ எட்டு நிமிஷம் பேசுறே, அங்கன்வாடியில புள்ளைங்க கத்துற கத்துல ஒண்ணும் கேக்கல, எழுதி அனுப்புடீ"ன்னு நீயே சொல்லிட்டே, அதனால எழுதுறேன், படிக்கிறப்போ நீளமா இருக்குன்னு திட்டக்கூடாது.

"உங்க கனடா டே கேர்ல ஸ்நோ கொட்டுற மாசமெல்லாம் புள்ளைங்கள ரூமுக்குள்ளயே பூட்டி வெச்சிருப்பீங்களா"ன்னு கேட்டிருந்தியே, அங்கேர்ந்தே ஆரம்பிக்கிறேன். இல்லடீ, வெளிய கூட்டிட்டுப் போகலேன்னாதான் இங்க தப்பு. முழுநாள் இருக்குற புள்ளைங்கன்னா வானிலை சரியா இருக்குற நாள்ல ரெண்டு மணி நேரம் வெளிய விளையாட விடணும்னு எங்க ஒண்டாரியோ மாகாணத்து சட்டத்துலயே இருக்கு. காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். மைனஸ் பத்துன்னா அதெல்லாம் இங்க நல்ல நாள். காத்து சேர்ந்து மைனஸ் 28க்கு கீழ போச்சுன்னாதான் பயம், மூடாத தோல் பத்துலேர்ந்து முப்பது நிமிஷத்துக்குள்ள உறைஞ்சு போகலாம், அந்த மாதிரி நாள்ல உள்ளயே இருந்துடுவோம்.

கஷ்டம் வெளிய போறதுல இல்ல, போறதுக்கு ரெடி ஆகுறதுல. எங்க ரூம்ல 24 புள்ளைங்க, நாங்க மூணு பேர், எட்டுக்கு ஒருத்தர்னு கணக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஸ்நோ பேண்ட், பூட்ஸ், ஜாக்கெட், குல்லா, கழுத்துக்கு ஒண்ணு (நம்ம மஃப்ளர் மாதிரி நீளமா தொங்குறதுக்கு பர்மிஷன் கிடையாது, சறுக்குல மாட்டி கழுத்தை இறுக்கிடும்), கடைசியா கைக்கு மிட்டன், விரல் பிரியாத கையுறை. இந்த வரிசை மாறக்கூடாது, மிட்டனை முதல்ல மாட்டிக்கிட்டா ஜிப்பை யாரு இழுக்குறது? எல்லாம் மாட்டி கோட்டையைப் பிடிச்ச மாதிரி வாசல்ல வந்து நின்னா ஒரு குரல் வரும் பாரு, "மிஸ், ஒண்ணுக்கு." ஒரு நாள் கூட தப்பினது இல்ல.

முதல் வருஷம் நான் என்ன பண்ணேன்னா நம்ம ஊர் கை சும்மா இருக்குமா, ஒவ்வொண்ணையும் பிடிச்சு இழுத்து மாட்டி விட்டு ஜிப் போட்டு குல்லா சொருகி, வேர்த்துக் கொட்டும் எனக்கு, பத்தே நிமிஷத்துல எல்லாரையும் முடிச்சிடுவேன், அதுல ஒரு பெருமை வேற. எங்க சூப்பர்வைசர் ஒரு நாள் பாத்துக்கிட்டே இருந்துட்டு, இதை அதுங்க கத்துக்கிற டைம்னு நெனச்சுப் பாக்கக் கூடாதான்னு கேட்டாங்க. எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு, ரெண்டு நாள் அவங்ககிட்ட சரியா பேசல. அப்புறம்தான் புரிஞ்சது. ஜாக்கெட்டை உள்பக்கம் மேல தெரியிற மாதிரி தரையில விரிச்சு, குல்லாப் பக்கம் கால்கிட்ட வர மாதிரி வெச்சு, குனிஞ்சு ரெண்டு கையையும் உள்ள விட்டு அப்படியே தலைக்கு மேல தூக்கிப் போட்டா தானா முதுகுல வந்து உக்காந்துரும், மூணு வயசு புள்ளை பண்ணுதுடீ. முதல் தடவை தானா போட்டதும் ஒரு பையன் அதைக் கழட்டிட்டு திரும்பத் திரும்ப போட்டு அன்னைக்கு வெளிய போகவே மறந்துட்டான். எதுக்கு அடுத்து எது, வலது காலு எது, யார்கிட்ட எப்படி உதவி கேக்குறது, பிரெண்டோட ஜிப்பை எப்படி பிடிச்சுக் குடுக்குறது, எல்லாம் அந்த வராண்டாவுலதான் நடக்குது. டிசம்பர் ஆரம்பத்துல 40 நிமிஷம் ஆச்சு, இப்போ 20க்கு வந்துட்டோம். இப்போ வாரா வாரம் எழுதுற பிளான் ஷீட்ல அதையும் ஒரு கட்டத்துல எழுதி ஒட்டிடுறேன், பேரண்ட்ஸ் பாக்கட்டும்னு.

அந்த பிளான் ஷீட் கதை இருக்கே. வெள்ளிக்கிழமை மத்தியானம் புள்ளைங்க தூங்குறப்போ உக்காந்து அடுத்த வாரத்துக்கு எழுதுவேன். முன்னாடியெல்லாம் ஜனவரி வந்தா முதல் வாரம் பெங்குவின், ரெண்டாவது வாரம் ஸ்நோமேன், மூணாவது வாரம் கரடி தூங்குறதுன்னு அச்சடிச்ச மாதிரி போகும். கனடால பெங்குவினே கிடையாது, அது பூமிக்கு அந்தப் பக்கம், ஆனா பனிக்கரடி எங்க ஒண்டாரியோவுலயே வடக்க ஹட்சன் விரிகுடா ஓரத்துல இருக்கு. ரெண்டையும் ஒரே ஐஸ்கட்டி மேல நிக்க வெச்சு நாங்களே படம் ஒட்டிக்கிட்டு இருந்தோம், டீச்சருங்க லட்சணம் பாரு. 2014ல இருந்து இங்க பாடத்திட்டம்னு தனியா திணிக்கிறதில்ல, புள்ளைங்க எதைப் பாத்து நிக்குதுங்களோ அது பின்னாடி போகணும்ங்கிறதுதான் வழிகாட்டி. கேக்க நல்லாதான் இருக்கு, ஆனா வெள்ளிக்கிழமையே எழுதணும்ல, அடுத்த செவ்வாய்க்கிழமை இதுங்க எதைப் பாத்து நிக்கும்னு எனக்கு எப்படி தெரியும்?

பொங்கலுக்கு முந்தின வாரம் நடந்ததைச் சொல்றேன். திங்கட்கிழமைக்கு ஸ்நோமேன்னு எழுதியிருந்தேன், கேரட் கூட கொண்டு போனேன். தினமும் காலையில ஜன்னலுக்கு வெளிய தொங்குற தெர்மாமீட்டரைப் பாத்து ஒரு புள்ளை சார்ட்ல சிவப்பு கலர் அடிக்கும், அன்னைக்கு மைனஸ் 12. ஜீரோக்கு கீழ நம்பர் எப்படி இருக்கும்னு ஒரு பெரிய விவாதம், நான் என்னத்த சொல்றதுன்னு முழிக்கிறதுக்குள்ள ஒருத்தி சொன்னா, "நம்பர் பேஸ்மென்ட்டுக்கு போயிடுச்சு." இங்க டொராண்டோவுல ஸ்கார்பரோ பக்கம் நெறைய பேர் வீட்டுல பேஸ்மென்ட்ல, அதான் தரைக்குக் கீழ இருக்குற தளத்துல, வாடகைக்கு ஆள் இருக்கும், அவளுக்கு அதுதான் தெரியும். எங்க பிஎட் கிளாஸ்ல கூட யாரும் இவ்வளவு நல்லா சொல்லல.

வெளிய போய் ஸ்நோவை உருட்டினா உருளவே மாட்டேங்குது. மைனஸ் பன்னெண்டுல அது காஞ்ச பச்சரிசி மாவு மாதிரி கைல உதிருது. ஜீரோ கிட்ட இருந்தாதான் கொஞ்சம் ஈரம் இருக்கும், கொழுக்கட்டை மாவு மாதிரி பிடிக்க வரும். புள்ளைங்க மூஞ்சி தொங்கிப் போச்சு. எனக்கு மாவுன்னு தோணினதுமே அடுத்து என்ன தோணும் சொல்லு, மார்கழி மாசம் வேற, வாசல் முழுக்க வெள்ளை மாவு, கோலம் மட்டும் இல்ல.

ஆனா வெள்ளைத் தரையில வெள்ளைக் கோலம் போட முடியாதே. உள்ள போய் கெச்சப் ஊத்துற பாட்டில்ல தண்ணியும் கேசரி பவுடர் மாதிரி இங்க விக்கிற ஃபுட் கலரும் கலந்து செவ்வாய்க்கிழமை எடுத்துட்டுப் போனேன். நான் அஞ்சு வரிசை புள்ளி வெச்சேன், அதுங்க இணைக்கணும். இணைக்கிறதாவது! ஒருத்தன் பாட்டிலை அமுக்கி ஒரே இடத்துல குழி தோண்டிட்டான், ரெண்டு பேர் புள்ளியை மட்டும் வெச்சுக்கிட்டே வேலி வரைக்கும் போயிட்டாங்க, அதுல 1 லேர்ந்து 30 வரைக்கும் எண்ணினாங்க, நடுவுல 15 மட்டும் காணோம். அக்டோபர்ல சேந்த ஒரு பையன், வீட்டுல வேற பாஷை, எங்ககிட்ட வாயே திறக்காதவன், அவன் மட்டும் நாக்கை ஓரமா கடிச்சுக்கிட்டு ஒரு சிக்கு கூட விடாம வளைச்சு வளைச்சு இழுத்துட்டுப் போய் ஆரம்பிச்ச புள்ளியிலேயே கொண்டு வந்து முடிச்சான்டீ. நான் ஒண்ணும் சொல்லல, பக்கத்துல உக்காந்திருந்தேன் அவ்வளவுதான்.

சாயங்காலம் பேத்தியைக் கூட்ட வந்த ஒரு யாழ்ப்பாணத்து அம்மம்மா நின்னு பாத்துட்டு, "என்ன பிள்ளை, சினோவில கோலமோ?"ன்னாங்க. அப்புறம் குனிஞ்சு பாத்து, "இதில ஒரு புள்ளி குறையுது." உண்மையிலேயே குறைஞ்சிருந்துச்சு. அஞ்சு மணிக்கே இருட்ட ஆரம்பிச்சிடும், அந்த அரை இருட்டுல எப்படி கண்டுபிடிச்சாங்களோ.

இங்க ஜனவரி தமிழ் மரபு மாசம்னு தெரியும்ல, ஒண்டாரியோவுல 2014ல சட்டமே போட்டாங்க, கனடா முழுக்கன்னு 2016ல பார்லிமென்ட்ல தீர்மானம் போட்டாங்க. அதனால ஜனவரி ஆனா "நீங்க ஏதாவது பண்ணுங்க"ன்னு எங்கிட்ட வருவாங்க. போன வருஷம் பேப்பர் பானையும் பேப்பர் கரும்பும் ஒட்ட வெச்சேன், 24ம் ஒரே மாதிரி, யாருக்கும் ஒண்ணும் புரியல, எனக்கும்தான். இந்த வருஷம் ஒண்ணும் பிளான் பண்ணாமலே நடந்துச்சு.

புதன்கிழமை காத்து பயங்கரம், உள்ளயே. பால் அட்டைப்பெட்டியில தண்ணி ஊத்தி பிளாஸ்டிக் மிருகத்தையெல்லாம் போட்டு முந்தின நாளே உறைய வெச்சிருந்தேன், உப்பு தூவி சொட்டு சொட்டா வெந்நீர் விட்டு அதுங்களைக் காப்பாத்தணும், அதான் விளையாட்டு. இதுல நான் ஒரு முட்டாள்தனம் பண்ணிட்டேன். இங்க ஹீட்டர் காத்துல எல்லார் கையும் வெடிச்சுக் கெடக்கும், அதுல உப்பு பட்டா எப்படி இருக்கும், ஒரு குட்டி வீல்னு கத்துச்சு. அதோட உப்பு சேந்த ஐஸ் சும்மா ஐஸை விட இன்னும் ஜில்லுன்னு ஆகும், நம்ம குல்ஃபிக்காரர் பானையில ஐஸோட உப்பு போடுறது அதுக்குத்தானே, தெரிஞ்சும் யோசிக்கல. கையைக் கழுவி கிரீம் தடவி மடியில வெச்சுக்கிட்டேன், அவங்க அம்மாகிட்டயும் போன் பண்ணி சொல்லிட்டேன். இனிமே உப்பு தட்டுக்கு ஸ்பூன்தான், கை கிடையாது.

அன்னைக்கு ராத்திரி ஸ்நோ கொட்டு கொட்டுன்னு கொட்டுச்சு. உங்க ஊர்ல மழை லீவுன்னு கலெக்டர் சொல்ற மாதிரி இங்க ஸ்கூல் பஸ் ரத்துன்னு அறிவிப்பு வரும், ஆனா எங்க சென்டர் திறந்துதான் இருக்கும். வியாழக்கிழமை வெளிய போனா கோலம் இருந்த இடமே தெரியல. எல்லாம் திகைச்சு நின்னுச்சுங்க. அப்புறம் அந்த பேஸ்மென்ட் பொண்ணு சொன்னா, கோலம் போகல, கீழ இருக்குன்னு. அவ்வளவுதான், மண்வெட்டியைத் தூக்கிக்கிட்டாங்க, ஒரு மணி நேரம் தோண்டினாங்க. பச்சைக் கலர்ல ஒரு கீத்து கிடைச்சதும் போட்ட கூச்சல்ல பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து பாத்தார். பிளான் ஷீட்ல வியாழக்கிழமை கட்டத்துல பேப்பர் ஸ்நோஃபிளேக் வெட்டுறதுன்னு இருந்துச்சு, அடிச்சுட்டு "தோண்டினோம்"னு எழுதினேன்.

ஃபீஸ் கேட்டிருந்தே. 2022ல கனடா மத்திய அரசோட ஃபீஸ் குறைக்கிற திட்டத்துல ஒண்டாரியோ சேந்ததுக்கு அப்புறம் குறைஞ்சிடுச்சு, அதுல இருக்குற சென்டர்ல 2025 ஜனவரியிலேர்ந்து ஒரு நாளைக்கு 22 டாலருக்கு மேல வாங்கக் கூடாது. ஆனா இடம் கிடைக்கறதுதான் பாடு, வேலைக்கு ஆளும் நிக்க மாட்டேங்குது. நம்ம இந்தியாவுல 1975லயே சத்துணவோட சேத்து அங்கன்வாடி ஆரம்பிச்சுட்டாங்க, காசே கிடையாதுன்னு சொன்னேன், கூட வேலை செய்யிறவங்க நம்பவே இல்ல. உங்களுக்குக் குடுக்குற சம்பளத்தைச் சொல்லல, மானம் போயிடும்.

அடுத்த வாரம் பிப்ரவரி 2, கிரவுண்ட்ஹாக் டே. இங்க வயார்ட்டன்னு ஒரு ஊர்ல வில்லின்னு ஒரு கிரவுண்ட்ஹாக், பெருச்சாளிக்கு அண்ணன் மாதிரி இருக்கும், அது நிழலைப் பாத்துடுச்சுன்னா இன்னும் ஆறு வாரம் குளிர்னு ஒரு ஐதீகம், நம்ம பல்லி ஜோசியம் மாதிரி. அதுக்கு டார்ச் லைட்டும் நிழலும்னு பிளான்ல எழுதி வெச்சிருக்கேன், பென்சில்ல.

நீ ஒண்ணு பண்ணுடீ. உங்க அம்மா நோட்டுப் புத்தகத்துல சின்ன கோலமா இருக்குமே, அஞ்சு புள்ளி ஏழு புள்ளி, அதுல நேர் புள்ளி மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு, ஊடு புள்ளி வேணாம், எனக்கே வராது. அந்தப் பையன் தினமும் பாட்டிலைத் தூக்கிட்டு வந்து நிக்கிறான், எங்கிட்ட இருந்தது மூணு கோலம்தான், முடிஞ்சு போச்சு.

உன்,
லதா