கில்மெரிக்குப் போகுமுன்

அன்புள்ள மகளுக்கு,

கில்மெரி நினைவுக்கல்லைப் பார்க்கப் போவதாக எழுதியிருந்தாய். 1282 டிசம்பர் 11 அன்று வேல்ஸ் இளவரசன் லிவெலின் ஆப் கிரிஃபித் அதன் அருகேதான் கொல்லப்பட்டான். (அந்தப் பெயரின் முதல் ஒலிக்குத் தமிழில் எழுத்தில்லை. நாக்கை 'ல'வுக்கு வைத்துக்கொண்டு குரலில்லாமல் காற்றை மட்டும் விடு.) அவனுடைய க்வினெத் (வடமேற்கு வேல்ஸ்) வம்சத்தை இங்கிலாந்து மன்னன் எட்வர்டின் படை அழித்தது என்பார்கள். அது பாதிக் கதை. மீதி பங்காளிச் சண்டை.

வேல்ஸ் வழக்கில் தகப்பன் நிலத்தில் எல்லா மகன்களுக்கும் பங்குண்டு, தகப்பன் ஏற்றுக்கொண்டால் மணவுறவுக்கு வெளியே பிறந்தவனுக்கும். நாட்டையும் அப்படியே கேட்டார்கள். இவனுடைய தாத்தா பெரிய லிவெலின் அதை மாற்றப் பார்த்தார். இங்கிலாந்து மன்னன் ஜானின் மகள் வயிற்றில் பிறந்த தாவிதே வாரிசு என்று 1238இல் மற்ற சிற்றரசர்களைச் சத்தியம் செய்ய வைத்தார். மூத்தவன் கிரிஃபித், நம் லிவெலினின் தகப்பன், சிறைக்குப் போனான். 1244இல் லண்டன் கோபுரத்திலிருந்து கயிறு கட்டித் தப்ப முயன்று விழுந்து செத்தான். தாவிதும் 1246இல் பிள்ளையில்லாமல் இறந்ததால், நாடு கிரிஃபித்தின் மகன்கள் கைக்கு வந்தது. 1255இல் பிரின் டெர்வினில் லிவெலின் தன் சகோதரர்கள் இருவரைத் தோற்கடித்தான். அண்ணன் ஓவைனை இருபது வருஷத்துக்கு மேல் அடைத்து வைத்தான். தம்பி, இவன் பெயரும் தாவித்தான், கட்சி மாறிக்கொண்டே இருந்தான்.

1267இல் அப்போதைய இங்கிலாந்து மன்னர் ஹென்றி லிவெலினை வேல்ஸ் இளவரசனாக ஒப்புக்கொண்டார். விலை 25,000 மார்க். (ஒரு மார்க் பவுனில் மூன்றில் இரண்டு பங்கு.) முதலில் 5,000, பிறகு வருஷத்துக்கு 3,000. மாடும் தானியமும்தான் அந்த நாட்டின் சொத்து, ரொக்கம் கிடையாது. குடிகளைக் கசக்கிப் பிழிந்தும் சில வருஷத்தில் தவணை நின்றுபோனது. 1274இல் தாவித் அண்ணன் லிவெலினையே கொல்லச் சதி செய்தான்; அது வெளிப்பட்டதும் இங்கிலாந்துக்கு ஓடினான். அவனுக்கு இடம்கொடுத்த எட்வர்டுக்கு நான் எப்படி மண்டியிடுவேன் என்றான் லிவெலின். 1277இல் வந்த எட்வர்டின் படை ஆங்கிள்சி தீவின் விளைச்சலில் கைவைத்தது. ஸ்னோடோனியா மலையில் ஒளியலாம், உண்ண முடியாது. லிவெலின் பணிந்தான்.

1282 குருத்தோலை ஞாயிறன்று ஹவார்டன் கோட்டையைத் தாக்கிக் கடைசிப் போரைத் தொடங்கியவனும் இந்தத் தாவித்தான். ஜூனில் லிவெலினின் மனைவி எலினார் பிரசவத்தில் இறந்தாள். குழந்தை க்வென்லியனை எட்வர்டு லிங்கன்ஷைரில் ஒரு கன்னிமடத்தில் விட்டான். 1337இல் சாகும்வரை அங்கேயே இருந்தாள்.

லிவெலினை 'எங்கள் கடைசித் தலைவன்' என்பது வேல்ஸ்காரர் வழக்கம். அவனுக்குப் பின் தாவித் சில மாதம் இளவரசனாக நின்றதை யாரும் கணக்கில் வைப்பதில்லை. 1283 ஜூனில் அவனை எட்வர்டிடம் பிடித்துக் கொடுத்தவர்களும் வேல்ஸ்காரர்களே. அக்டோபரில் ஷ்ரூஸ்பரியில் அவனைக் கொன்றார்கள்.

கில்மெரியோடு திரும்பிவிடாதே. லிவெலினின் தலை லண்டனுக்குப் போயிற்று. உடலைப் புதைத்த இடம் என்று சொல்லப்படுவது கும்-ஹிர் மடம். இடிபாடுதான், ஆனாலும் போய்ப் பார்.

அம்மா