விற்றவர் பெயரும் செய்தவர் பெயரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த பழைய வேட்டைத் துப்பாக்கிகள் பற்றிய கட்டுரை, ‘பி. ஆர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்’ என்று குழலில் பொறித்த இரட்டைக்குழல் துப்பாக்கியைச் சென்னையில் உருவானது என்கிறது. கடிகாரத்துக்குப் பெயர்பெற்ற அந்த அண்ணா சாலைக் கடையும், கல்கத்தாவின் மேன்டன், ரோடா கடைகளும் இங்கிலாந்தில் செய்த துப்பாக்கிகளைத் தங்கள் பெயர் பொறித்து விற்றவை. அந்தப் பெயர் விற்றவருடையது, செய்தவருடையது அன்று.

என் தாத்தா ஓர் எஸ்டேட் துரையிடம் வாங்கிய துப்பாக்கியில் ‘ஆர்மி அண்ட் நேவி சி.எஸ்.எல்.’ (கோ-ஆபரேட்டிவ் சொசைட்டி லிமிடெட்) என்று இருக்கிறது. 1871இல் லண்டனில் தொடங்கிய அந்தக் கூட்டுறவுக் கடை 1934இல் பெயரை மாற்றிக்கொண்டதால், ‘சி.எஸ்.எல்.’ என்ற எழுத்துகளே காலத்துக்கு ஓர் எல்லை கட்டிவிடுகின்றன. தோட்டா இல்லை என்று உறுதி செய்தபின் முன்கட்டையைக் கழற்றி, குழல்களைத் தனியே எடுத்து, அடிப்புறத்துப் பழைய கிரீஸைத் துடைத்துப் பார்த்தேன்: கிரீடத்தின் கீழ் பி.பி., பி.வி., என்.பி. என்ற சிறு முத்திரைகள். இவை குழல் வெடிப்பைத் தாங்குமா என்று சோதித்துப் பார்க்கும் பர்மிங்காம் சோதனைச்சாலை 1904 முதல் குத்தியவை. லண்டன் பெயரைத் தாங்கிய துப்பாக்கி பிறந்தது பெரும்பாலும் பர்மிங்காமில்தான். செய்தவர் பெயர் எங்கும் இல்லை. ஆனால் அக்கடையின் துப்பாக்கிப் பதிவேடுகள் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆவணக்காப்பகத்தில் இருப்பதால், வரிசை எண்ணைக் கொண்டு மேலும் தேட இடமுண்டு.

விலையும் இந்த முத்திரைகளைப் பொறுத்ததுதான். புகையில்லா வெடிமருந்துக்கான நைட்ரோ சோதனை முத்திரை (மேலே சொன்ன என்.பி.) இல்லாமல், குழல் முழுக்கச் சுருள் சுருளாக வரி ஓடும் டமாஸ்கஸ் குழல் பார்வைக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும், அதில் இன்றைய தோட்டாவைப் போடக் கூடாது. இன்னொன்று, 2½ அங்குலத் தோட்டாவுக்காகக் குழலின் பின்முனையில் கடைந்த அறையில் அதைவிட நீளமான 70 மி.மீ. தோட்டாவும் நுழைந்துவிடும் என்பதுதான் ஆபத்து. வெடிக்கும்போது அதன் வாய் விரிய இடம் போதாமல் அழுத்தம் ஏறும். இதையெல்லாம் பார்க்காமல், ‘லண்டன் சரக்கு’ என்ற ஒரு சொல்லுக்காகவே விலையை ஏற்றிப் பேசிய தரகர் ஒருவரை நானும் சந்தித்திருக்கிறேன். ஒருவருக்கு மூன்று என்றிருந்த துப்பாக்கிகளின் வரம்பை ஆயுதச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டாகக் குறைத்தபின், அந்தப் பேச்சை நம்பி வாங்குபவர்களும் குறைந்துவிட்டனர்.

அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்தம் வெளியிடுவதோடு, கட்டுரையில் வந்த துப்பாக்கியின் குழல் அடிப்புறத்தையும் படமெடுத்துப் போட்டால் நன்றாயிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், குன்னூர்