ஆண்டறிக்கை: இந்த வருடமும் நாம் மான் அடிக்கவில்லை

கையால் வில் செய்து எய்கிற நம் காட்பாடிச் சங்கத்தார் எல்லோருக்கும் வணக்கம். போன வருட அறிக்கை ரொம்ப நீளம் என்று பொருளாளர் குறைபட்டுக்கொண்டார். இந்த வருடமும் நீளம்தான், காபி வரும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஊருக்கே தெரிய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். காட்பாடியில் டீக்கடைக்குப் போனாலும், கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும், "வில் சங்கம்தானே, மான்கறி எப்போ சார்?" என்று யாராவது ஒருத்தர் கேட்காமல் விடுவதில்லை. சிரித்துவிட்டு வந்துகொண்டிருந்தேன், இனிமேல் சிரிப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டுமில்லை. பிடிப்பது, விரட்டுவது, கண்ணி வைப்பது, அதற்கெல்லாம் முயற்சி செய்வதுகூட வேட்டைதான். "சும்மா குறி மட்டும் பார்த்தேன்" என்ற கதை அங்கே எடுபடாது. ஜவ்வாது மலைப் பக்கம் ஒரு ராத்திரி வில்லோடு போய்ப் பார்க்கலாம் என்று இரண்டு உறுப்பினர்கள் சித்திரை மாதக் கூட்டத்தில் பேச்செடுத்தார்கள், செயற்குழு முடியாது என்றது, அவர்கள் விலகிக்கொண்டார்கள், சந்தாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. மான் அடிக்கவே பிறந்த கருவியைக் கையால் செய்துவிட்டு வைக்கோலைப் பார்த்து எய்துகொண்டிருப்பது கொஞ்சம் வினோதம்தான், அது எனக்கும் தோன்றாமல் இல்லை.

அடுத்து மூங்கில். இது முழுக்க என் தப்பு. விலை குறைவு என்று ஒரே கடையில் பதினெட்டு கழி வாங்கிப் போட்டேன், தண்ணீரில் ஊறவைக்காமல் அப்படியே கொட்டகையில் சாத்திவைத்தேன். மூங்கிலில் இருக்கிற மாவுச்சத்துக்காகத்தான் துளைவண்டு வருகிறது, சில வாரம் ஊறப்போட்டால் அந்தச் சத்து கரைந்து வெளியேறிவிடும், இதெல்லாம் தெரிந்தும் சோம்பேறித்தனம். இரண்டே மாதத்தில் கழிக்குக் கீழே மஞ்சள் மாவு கொட்ட ஆரம்பித்தது. பதினொன்று அடுப்புக்குப் போனது. மிச்சத்தில் வில் ஆனது நான்குதான், அதிலும் ஒன்று அக்னி நட்சத்திர வெயிலில் மொட்டை மாடியில் மறந்து வைத்ததால் காய்ந்து, நாணேற்றும்போதே கணுவில் படீரென்று பிளந்தது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மறுபடியும் சொல்கிறேன். சதை கெட்டியான கல்மூங்கில்தான் வேண்டும். பச்சைத் தோல் இருந்த பக்கம் எய்கிறவரைப் பார்க்காமல் வெளிப்புறமாக இருக்க வேண்டும், இழுவிசையை அந்த நார்தான் தாங்குகிறது, அதனால் அங்கே கத்தி படவே கூடாது, செதுக்குவதெல்லாம் உள்பக்கம் மட்டும். இரண்டு பாதியும் ஒரே மாதிரி வளைகிறதா என்று சுவரில் தொங்கவிட்டு, கொஞ்சம் இழுத்துப் பார்த்து, கொஞ்சம் செதுக்கி, மறுபடி இழுத்துப் பார்த்து, இப்படியே இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை போய்விடும். அவசரப்படுகிறவர்கள் கடையில் பிளாஸ்டிக் வில் வாங்கிக்கொள்ளலாம், யாரும் தடுக்கவில்லை.

நாணுக்கு இந்த வருடம் நைலானை விட்டுவிட்டு மருள் செடியின் நாரில் இறங்கினோம். இலையைப் பலகையில் வைத்துச் சுரண்டி, அலசி, நிழலில் காயவைத்துத் திரித்துத் தேன்மெழுகு பூசினால் அருமையான நாண். சுரண்டும்போது கையெல்லாம் அரிக்கும், அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இறகுக்கு வான்கோழி இறக்கைதான். ஒரே அம்பில் இடது இறக்கை இறகையும் வலது இறக்கை இறகையும் கலந்து ஒட்டாதீர்கள், வளைவு எதிரெதிராக இருக்கும், அம்பு தள்ளாடும். வலதுகையால் நாணை இழுக்கிறவர்களுடைய அம்பு ஓயாமல் இடப்பக்கமே போகிறது என்றால் அம்பின் தண்டு வில்லுக்கு மீறிய விறைப்பு என்று சந்தேகப்படுங்கள், என்னைத் திட்டாதீர்கள்.

இனி கோணி மான். பழைய சாக்கில் வைக்கோல் திணித்து, மூங்கில் கால் வைத்து, முன்னங்காலுக்குப் பின்னால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம் வரைந்து பாலாற்று மணலில் நிறுத்தினோம். ஏற்பாடு எளிது, முடிவு அவமானம். முப்பது மீட்டரில் ஒருத்தர் அம்புகூட வட்டத்துக்குள் விழவில்லை. பதினைந்து மீட்டரில் ஏதோ பரவாயில்லை. கொல்லிமலை ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் தைத்தான் என்று வன்பரணர் பாடியதை நம் தலைவர் ஒவ்வொரு விழாவிலும் எடுத்துவிடுவார், அன்று மட்டும் வாயே திறக்கவில்லை.

அப்புறம்தான் துணைத்தலைவருடைய தங்கை மாப்பிள்ளையை வீடியோவில் பேசக் கூப்பிட்டோம். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிறார், ஹிக்கரி மரத்தில் தானே செதுக்கிய வில்லோடு வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிறவர். அங்கே உரிமச் சீட்டு வாங்கிக்கொண்டு அக்டோபர் 1 முதல் வில்லோடு காட்டுக்குள் போகலாம், துப்பாக்கிக்காரர்கள் நவம்பர் 15 வரை காத்திருக்க வேண்டும். இரண்டு வருடம் ஒரு அம்புகூட விடாமல் மரத்தின் மேல் குளிரில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பியதை அவர் வெட்கமில்லாமல் சொன்னார். பதினெட்டு மீட்டருக்கு மேல் எய்வதே இல்லையாம். ஏன் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கைவில் அம்பு நொடிக்கு ஏறக்குறைய 45 மீட்டர் போகிறது, நாணின் ஒலி 340 மீட்டர். அம்பு போய்ச் சேர அரை நொடிக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும், அதற்குள் மான் சத்தத்தைக் கேட்டு ஓடத் தயாராக உடம்பைத் தாழ்த்திவிடும், அம்பு முதுகுக்கு மேலே போய்விடும், இல்லையென்றால் படக்கூடாத இடத்தில் படும். பட்டாலும் உடனே துரத்தக் கூடாது, அரைமணி நேரமாவது அசையாமல் இருந்துவிட்டுத்தான் ரத்தத் தடத்தைப் பிடித்துப் போக வேண்டும், துரத்தினால் அடிபட்ட மான் எங்கேயோ ஓடி வீணாகச் சாகும். அங்கே மட்டும் ஏன் அனுமதி என்று நம்மவர் ஒருத்தர் கொஞ்சம் சூடாகவே கேட்டார். மான் அமெரிக்கா முழுக்கக் கோடிக்கணக்கில், அதைத் தின்ன ஓநாய் பல இடங்களில் இல்லை, துப்பாக்கி தோட்டா மேல் 1937 சட்டம் போட்ட வரி காட்டுயிர்ச் செலவுக்கே போகிறது, பிற்பாடு வில் அம்பையும் அதில் சேர்த்துவிட்டார்கள் என்றார். சரி, அது அவர்கள் ஊர்.

செங்கம் பக்கம் நடுகல் பார்க்கப் போன பயணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேன் வாடகைதான் அதிகம். கல்லில் வில்லோடு நிற்கிற வீரர்கள் பெரும்பாலும் மாட்டுக்காகச் செத்தவர்கள், மானுக்காக இல்லை. மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர்க் கல்லில் எருமை காத்துச் செத்தவனோடு, திருடர்களைக் கடித்த கோவிவன் என்ற நாயும் இருக்கிறது என்று ஆசிரியர் உறுப்பினர் சொன்னதும், வில்லை மறந்துவிட்டுத் திரும்பும் வழியெல்லாம் நாய்ப் பேச்சுதான்.

விஜயதசமிக்கு ஒரு கிராமக் கோயிலில் சாமி அம்பு போட நம் வில்லைக் கேட்டு வாங்கினார்கள். ஐயர் எய்த முதல் அம்பு வாழைமரத்தைத் தாண்டித் தவில்காரர் காலடியில் குத்தி நின்றது. முனை மழுங்கியதுதான், ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வருடம் நாமே போய் ஒருநாள் முன்னதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

வைகாசியில் நடந்ததை இதில் எழுதலாமா என்று யோசித்தேன். ஒடுகத்தூர்ப் பக்கம் ஒரு உறுப்பினரின் நிலத்தில் புள்ளிமான் ஒன்று தண்ணீர் தேடி இறங்கிவந்து, நாய்கள் விரட்டியதில் முள்வேலி மூலையில் மாட்டிக்கொண்டது. அன்று அங்கே நாணல் வெட்டப் போயிருந்த ஆறு பேர் நாய்களை விரட்டிவிட்டு, வனத்துறைக்குப் போன் போட்டுவிட்டு நின்றோம். பத்து மீட்டர் இருக்கும். பக்கவாட்டில், கோணி மான் நிற்கிற மாதிரியே. கிட்டப் போகாதீங்க, கூட்டம் கூடினாலே பயத்தில் செத்துவிடும் என்று போனில் சொன்னதால், வேடிக்கை பார்க்க வந்தவர்களைத் தூரமாக நிறுத்திவைத்தோம். விலா எலும்புக்குப் பின்னால் தோல் துடிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு மணி நேரம் யாரும் பேசவில்லை. அவர்கள் வந்து வலை போட்டுத் தூக்கிப் போனார்கள், பிழைத்துவிட்டது என்று மறுநாள் சொன்னார்கள். மறுவாரம் பாலாற்றில் இரண்டு பேர் கோணி மானில் எய்யவில்லை, வெறும் வைக்கோல் கட்டில்தான் எய்தார்கள். நானும் அதில் ஒருத்தன்.

கணக்கு: உறுப்பினர் 23, ஆளுக்குச் சந்தா 300 ரூபாய், ஐந்து பேர் பாக்கி, பெயர் வாசிக்கவில்லை, அவர்களுக்கே தெரியும். மூங்கில் நஷ்டத்தில் பாதியை நான் கொடுத்துவிட்டேன், மீதிப் பாதிக்குப் பொதுக்குழு ஒப்புதல் வேண்டும். கொட்டகைக்குப் பின்னால் மூங்கில் ஊறவைக்கத் தொட்டி கட்டுவது பற்றி இன்றே முடிவு எடுங்கள். கோணி மானின் பின்னங்கால் இரண்டும் கரையான் அரித்துவிட்டது, அதை மறுபடி செய்வதா வேண்டாமா என்பதையும் வாக்குக்கு விடுகிறேன்.