ட்ரிகர் கனம் என்று சொன்ன மகளுக்கு

அன்புள்ள மலருக்கு,

உன் வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். "ட்ரிகர் ரொம்பக் கனமா இருக்கும்மா, லேசாக்கித் தரச் சொல்லப் போறேன்" என்கிறாய். கொஞ்சம் பொறு. 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் ட்ரிகர் எடை, அதாவது அதை இழுக்கத் தேவையான கனம், 500 கிராமுக்குக் குறையவே கூடாது. குழல் செங்குத்தாக இருக்கும்படி பிடித்து, ட்ரிகரில் 500 கிராம் எடைக்கல்லை மாட்டித் தூக்கிப் பார்ப்பார்கள். கல் மேலே வருவதற்குள் ட்ரிகர் விடுபட்டுச் சுட்டுவிட்டால் அந்த செட்டிங்கோடு போட்டியில் சுட முடியாது. உன்னுடையது ஏற்கெனவே 500ஐ ஒட்டித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். முதலில் துக்ளகாபாத் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் எடைக்கல் கேட்டு வாங்கி அளந்து பார். 520 இருந்தால் அப்படியே விட்டுவிடு, சரியாக 500ல் வைத்தால் ஒவ்வொரு சோதனையிலும் வயிற்றைக் கலக்கும்.

எனக்கென்னவோ கனம் உனக்குப் பிரச்சினை இல்லை, எந்த இடத்தில் வெடிக்கும் என்று விரலுக்குத் தெரியாததுதான் பிரச்சினை. நீ வாங்கியது செகண்ட் ஹேண்ட். முன்னால் வைத்திருந்தவர் தன் கைக்கு ஏற்றபடி திருகி வைத்திருப்பார். அதனால் விரல் படும் தகடான ட்ரிகர் பிளேடின் இடத்தை முதலில் பார். விரல் நுனிச் சதையின் நடுப்பகுதி அதில் பதிய வேண்டும். பிளேடு எட்டத்தில் இருந்தால் நுனி மட்டும் தொடும், ரொம்பக் கிட்டே இருந்தால் மூட்டு மடிப்பு போய் உட்காரும். இரண்டிலும் இழுப்பு நேராகப் பின்னால் வராது. விரலின் மற்ற பகுதி கைப்பிடியான கிரிப்பின் மரத்தில் உரசவும் கூடாது.

அடுத்தது ட்ரிகர் இழுப்பின் இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் ட்ரிகர் மெதுவாக நகர்ந்து ஓரிடத்தில் முட்டி நிற்கும். அதற்கு மேல் சிறிது அழுத்தினால் வெடிக்கும். அந்த முட்டல் புதிதாகச் சுடுகிறவர்களுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். முதல் கட்டம் மிக லேசாக இருந்தால், பாக்கிக் கனம் முழுக்க இரண்டாவதில் சுவர் மாதிரி நிற்கும், நீ வெடுக்கென்று இழுப்பாய். இரண்டாவது மிக லேசாக இருந்தாலோ முட்டல் தெரியாமலே வெடித்துவிடும். மொத்த எடையை மாற்றாமலே இதைப் பிரித்து வைக்கலாம். கையேட்டை வைத்துக்கொண்டு ஒரு நேரத்தில் ஒரு திருகு, கால் சுற்றுதான். திருப்பியதை எழுதி வை.

வெடித்த பிறகும் ட்ரிகர் பின்னால் ஓடினால் அதைத் தடுக்கும் ஸ்டாப் திருகைக் கொஞ்சம் முன்னே கொண்டு வா. முழுக்க இறுக்கிவிட்டால் சில சமயம் வெடிக்காமலே போகும், மயிரிழை இடம் விடு.

உன் குண்டுகள் இடது கீழ்ப்பக்கம் போவதாகச் சொன்னாயே, வலது கைக்காரர்கள் ட்ரிகரைப் பிடுங்கினால் அங்கேதான் போகும். குழல் முனையில் குறி பார்க்க இருக்கும் முன் சைட் 1 மில்லிமீட்டர் விலகினால் இலக்கில் கிட்டத்தட்ட 28 மில்லிமீட்டர் விலகும். பத்து வளையத்தின் விட்டமே 11.5 மில்லிமீட்டர்தான்.

உன் நண்பர் ஸ்பிரிங்கை வெட்டி, ட்ரிகரை இழுக்கும்வரை சுடாமல் பிடித்து வைக்கும் கொக்கியான சியரைத் தேய்த்துத் தருகிறேன் என்றாராமே, அந்தப் பக்கமே போகாதே. தேய்த்த சியர் சரியாகப் பிடிக்காது. லேசாகத் தட்டினாலே சுட்டுவிடும்.

திருகு வேலை முடிந்ததும் உள்ளே பெல்லட் (குண்டு) இல்லை என்று பார்த்துவிட்டு டிரை ஃபயர் செய், அதாவது குண்டில்லாமல் சுட்டுப் பழகு. இலக்கு வேண்டாம், வெறும் வெள்ளைச் சுவர் போதும். வெடிக்கும் நொடியில் முன் சைட் அசைகிறதா என்று மட்டும் கவனி. தினமும் பத்து நிமிடம் செய்தால், அதே 500 கிராம் உனக்கே லேசாகத் தெரியும்.

டெல்லிக் குளிரில் விரல் மரத்துவிட்டால் எந்த ட்ரிகரும் கனமாகத்தான் இருக்கும். சுடுவதற்கு முன் கையைச் சூடாக்கிக்கொள், ஸ்வெட்டர் கை மணிக்கட்டில் இடிக்காமல் மடித்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை ரேஞ்சுக்குப் போனால் யாரிடமாவது சொல்லி உன் விரலைப் பக்கவாட்டில் கிட்டே வைத்து வீடியோ எடுத்து அனுப்பு. முகம் வேண்டாம், விரல் தெரிந்தால் போதும்.

அன்புடன்,
அம்மா